துணைக்கு ஒரு ஆள்



பாட்டும் நாட்டியமும் நிறைந்த இந்த விழா மாலையில் பாலியல் வன்முறையைப் பற்றிப் பேசலாமா என்று, வெளிநாட்டில் இயங்கும் உங்கள் சங்கத்தின் செயலாளரிடம் கேட்டேன். "பேசுங்கள், இங்கே பாதிப் பேர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர்கள்தான்" என்றார். அந்த உரிமையோடு பேசுகிறேன்.

நான் இருப்பது கஞ்சிக்கோட்டில். கோயம்புத்தூரிலிருந்து வாளையாரைத் தாண்டியதும் வருகிற தொழிற்பேட்டை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி என்று அந்தத் தமிழ்நாடு-கேரள எல்லை நெடுகத் தமிழ்க் குடும்பங்கள். வீட்டில் தமிழ், போலீஸ் ஸ்டேஷனில், ஆஸ்பத்திரியில், கோர்ட்டில் மலையாளம். பாதிக்கப்பட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த இடங்களிலெல்லாம் துணைக்குப் போவது என் வேலை.

வாளையார் என்றதும் உங்களுக்கு லாரிகள் வரிசைகட்டி நின்ற செக்போஸ்ட் நினைவுக்கு வரலாம். எங்களுக்கு 2017 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு ஜனவரி 13 அன்று அட்டப்பள்ளத்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டுக்குள் தூக்கில் தொங்கிய நிலையில் இறந்து கிடந்தாள். பாலியல் கொடுமைக்கு ஆளானதற்கான அறிகுறிகள் இருப்பதைப் பிரேதப் பரிசோதனை சொன்னது. அன்று வீட்டிலிருந்து இரண்டு பேர் வெளியே போனதைத் தங்கை பார்த்தாள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மார்ச் 4 அன்று, அதே வீட்டில், அந்த 9 வயதுத் தங்கையும் அதேபோல இறந்து கிடந்தாள்.

2019 அக்டோபரில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் பாலக்காட்டு போக்சோ நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2021 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, 2025 ஜனவரியில் சி.பி.ஐ. பெற்றோரையும் குற்றஞ்சாட்டப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் அதை மறுக்கிறார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். என் நெஞ்சை அறுப்பது நடுவில் இருந்த அந்த 50 நாள். அக்காளைப் பறிகொடுத்த குழந்தை. அதிகாரிகள் கையில் மருத்துவ அறிக்கை. அவளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, நாள்தோறும் "சாப்பிட்டியா கண்ணு, ராத்திரி தூங்கினியா" என்று கேட்க ஒருவரையும் அரசு அனுப்பவில்லை. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரே இந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவருக்கு வக்கீலாக ஆஜரானவர் என்பது பிறகு வெளியே வந்தது. அரசு அவரை நீக்கியது.

இடுக்கியிலும் இதே வேதனைதான். 2021 ஜூன் 30 அன்று வண்டிப்பெரியாறில் தோட்ட லயத்தில் 6 வயதுக் குழந்தை இறந்தாள். 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது; புலன்விசாரணையின் ஓட்டைகளையும் எடுத்துச் சொன்னது.

கேரளத்தில் ஏற்பாடுகளே இல்லை என்று சொன்னால் அது பொய். அரசு மருத்துவமனைகளில் பூமிகா மையங்கள் இருக்கின்றன. குடும்பஸ்ரீயின் சினேகிதா உதவி மையங்கள் இருக்கின்றன. சட்டமும் நல்ல சட்டம்தான். போக்சோ விதிகள், 2020, பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் புலன்விசாரணையிலும் வழக்கு விசாரணையிலும் துணை நிற்க 'சப்போர்ட் பர்சன்' என்னும் துணையாள் ஒருவரைத் தர வழி செய்கின்றன. அதை இஷ்டப்பட்டால் தருகிற சலுகையாக நடத்தக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாக்குமூலம் வாங்கும்போது மொழிபெயர்ப்பாளர் உதவியைப் பெறவும் போக்சோ சட்டத்தின் 26-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அந்தத் துணையாள் நேரில் வந்து நிற்கிறாரா, குழந்தையின் பேச்சு அவருக்குப் புரிகிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மகளின் வழக்கில் கோர்ட்டிலிருந்து சம்மன் வருகிறது, மலையாளத்தில். தாய்க்கு மலையாளம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. தெருமுனைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறாள். அவர் உரக்கப் படிக்கிறார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகவில்லை. சட்டம் பெயரை மறைக்கிறது. கடை வாசலில் அது வெளியே வந்துவிடுகிறது. அன்றைக்கு அந்தத் தாய் கூப்பிட ஒரு போன் நம்பர், வந்து கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் படித்துக்காட்ட ஒரு பெண் — இவ்வளவுதான் தேவைப்பட்டது.

கவுன்சலிங் என்றால் அறிவுரை சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் நாள் நாங்கள் பேசுவது மிகக் கொஞ்சம். எங்கே உட்கார்வது, கதவு திறந்திருக்கட்டுமா, அம்மா உள்ளே இருக்கட்டுமா — எல்லாவற்றையும் பாதிக்கப்பட்ட பெண்ணே முடிவு செய்வாள். அவள் விருப்பத்துக்கு விரோதமாக ஒன்று நடந்திருக்கிறது. ஆகவே சின்னச் சின்னதாகவேனும் அவள் விருப்பப்படி நடப்பதுதான் மருந்தின் தொடக்கம். "ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்பதில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பதும் இல்லை. போலீசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொய் வாக்கு கொடுத்தால் இரண்டாம் முறை அவள் யாரையும் நம்ப மாட்டாள்.

எங்களுக்குப் பக்கத்து ஊர் பொள்ளாச்சி. 2019-இல் அங்கே பாலியல் வன்முறை பற்றிப் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியிட்டார். அரசாணையிலும் பெயர் வந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகும் பாதிக்கப்பட்ட பெண்கள் பின்வாங்கவில்லை. மூடிய நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். ஒருவரும் பிறழ்சாட்சி ஆகவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தப் பெண்களின் நெஞ்சுரத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஆறு ஆண்டு தனியாக நின்று தாங்கும் உரம் எல்லாப் பெண்ணுக்கும் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாமா?

அப்படித் தனியாக நிற்காமலிருக்கத் துணைக்கு ஆள் வைக்க உதவும் உங்கள் பணத்தைப் பற்றி இப்போது பேசுகிறேன். கட்டடம் வேண்டாம். கல்வெட்டு வேண்டாம். தமிழும் மலையாளமும் தெரிந்த, பயிற்சி பெற்ற பெண்களுக்கு மாதச் சம்பளமும் பஸ் செலவும் கொடுங்கள். நன்கொடையாளர்களுக்குச் சம்பளம் என்றாலே கசக்கிறது; எனக்குத் தெரியும். இந்த வேலையில் சம்பளம்தான் சேவை. சம்பளம் நின்றால் அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விடுவாள். குழந்தை மறுபடியும் புதிய முகத்திடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்தக் கொடுமையை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. சங்கத்தின் பெயரில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பதற்கு இந்தத் தடை இல்லை. எனவே பதிவுச் சான்றைப் பார்த்து, வேலை செய்யும் அமைப்புக்கு நேராகவே அனுப்புங்கள்.

ஊரிலிருந்து அண்ணனோ அக்காளோ போன் செய்து, "பிள்ளைக்கு இப்படி ஆயிருச்சு, மானம் போயிரும், வெளியே சொல்லாதே" என்றால், குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணையும் பெண்களுக்கான 181 உதவி எண்ணையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், 72 மணி நேரத்துக்குள் போவது நல்லது என்றும் சொல்லுங்கள்.

நாளைக் காலை உங்கள் பொதுக்குழு கூடுகிறது என்று அறிகிறேன். தீர்மானம் எழுதும்போது ஓராண்டுத் திட்டம் என்று எழுதாதீர்கள். தமிழ்நாட்டின் வாச்சாத்தி கிராமப் பெண்கள் 1992-இல் தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைக்குத் தீர்ப்புக் கேட்டது 2011-இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். குறைந்தது ஐந்து ஆண்டு என்று எழுதுங்கள். முதல் ஆளின் சம்பளத்தோடு தொடங்குங்கள். பயிற்சி கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.