மதிலுக்கு அப்பால் எரியும் விளக்கு

மார்கழியில் மழை விட்டு வானம் தெளிந்த ஓர் இரவிலே, புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் நின்று ஒன்பது மணியளவில் அண்ணாந்து நோக்குவோருக்கு, உச்சிக்குச் சற்றுத் தெற்கே திமிங்கில மண்டலம் தென்படும். மெசியே 77 என்னும் விண்மீன் திரள் அங்கேதான் இருக்கிறது. நயினாதீவுக்குச் செல்லும் படகைத் தவறவிட்டு அத்துறையில் தங்க நேர்ந்தவர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. அதன் தொலைவு ஏறத்தாழ நாலரைக் கோடி ஒளியாண்டு.

1943ஆம் ஆண்டில் கார்ல் செய்பெர்ட் என்னும் அமெரிக்க வானியலறிஞர், நடுப்பகுதி இயல்புக்கு மீறி ஒளிரும் சில திரள்களை ஆராய்ந்தார். அவற்றுள் இதுவும் ஒன்று. சூரியனைப் போல் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை அந்நடுவில் அமர்ந்திருக்கிறது. அதனுள் விழும் வாயு சுழன்று, கொதித்து, ஒளிவிடுகிறது. ஆனால் அந்த ஒளிக்கருவை நேரே கண்டவர் இல்லை. தூசும் வாயுவும் திரண்ட தடித்த வளையம் அதனை மறைத்து நிற்கிறது. மதிலுக்கு அப்பால் எரியும் விளக்கை, உயரத்துப் பனையோலையிற் படும் வெளிச்சங்கொண்டு அறிவதுண்டல்லவா? 1985இல் அந்தோனுச்சியும் மில்லரும் இத்தகைய சிதறிய ஒளியைக் கொண்டே உள்ளிருப்பதை உய்த்துணர்ந்தனர்.

மதிலையே ஊடுருவவல்லது எக்ஸ் கதிர். மருத்துவமனையிலே தசையைக் கடந்து எலும்பைக் காட்டும் அதே கதிர்தான். ஆயினும் வலிமை குன்றிய எக்ஸ் கதிரை அவ்வளையம் விழுங்கிவிடும். வலிமிக்கதே தப்பி வரும். வந்ததும் பூமியின் காற்று மண்டலம் அதைத் தடுக்கிறது. ஆகவே கருவியை விண்ணுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா 1999இல் ஏவப்பட்டது. அது நோக்குவது பெரும்பாலும் வலிமை குறைந்த கதிர்களையே. வன்கதிர்களுக்கென 2012இல் நூஸ்டார் சென்றது. எக்ஸ் கதிரைச் சாதாரண ஆடியால் திருப்ப இயலாது. செங்குத்தாகப் பட்டால் உட்புகுந்துவிடும். சிறுவர் குளத்திற் சாய்வாக வீசும் ஓட்டாஞ்சில்லு நீர்மேல் தத்திச் செல்வது போல, ஆடியை மிகச் சாய்வாக உரசிச் செல்லும்போதே அது திரும்பும். அதனால் ஆடிக்கும் உணர்கருவிக்கும் இடையே 10 மீட்டர் நீளமுள்ள கம்பம், விண்ணிற் சென்றபின் விரிக்கப்பட்டது.

மெசியே 77இன் மதிலோ வன்கதிருக்கும் எளிதில் வழிவிடாத அளவு தடித்தது. எனினும் 2014 ஆகஸ்டில், முன்பும் பின்பும் கண்டதைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிகுதியாக வன்கதிர் வந்தது. மறைப்பு ஒரே சுவரன்று, பல முகிற் கட்டிகள். அவற்றினிடையே ஒரு விலகல் உண்டாகி உள்விளக்கு சற்றே எட்டிப் பார்த்தது என்று ஆராய்ந்தோர் விளக்கினர். மறுமாதங்களில் அந்தச் சாளரம் மூடிக்கொண்டது.

ஒரு திரளைப் பற்றிய செய்தி மட்டுமன்று இது. 1962இல் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழுவினர் ஏவிய ராக்கெட்டு, வானெங்கும் மங்கிய எக்ஸ் கதிர் ஒளி பரவியிருப்பதைக் கண்டது. எண்ணற்ற கருந்துளைக் கருக்களின் ஒளி ஒன்றாய்க் கலந்ததே அது என்பது பின்னர் விளங்கிற்று. கண்ணுக்குத் தெரிந்த கருக்களை மட்டும் கூட்டினால் அவ்வொளிக்குக் கணக்குச் சரிவரவில்லை. மறைந்திருப்பவற்றையும் எண்ணியாக வேண்டும். அவற்றை விட்டுவிட்டால், கருந்துளைகள் எப்போது, எவ்வளவு வளர்ந்தன என்னும் வரலாறே பிழைபட்டுவிடும். வன்கதிர் ஒளியின் ஒரு பகுதியில் நூஸ்டார் தனித்தனியே பிரித்துக் காட்டியது மூன்றிலொரு பங்களவே. எஞ்சிய பங்குக்குரிய விளக்குகள் எந்தெந்த மதில்களுக்குப் பின்னே எரிகின்றன என்பதே ஆராய்ச்சியாளர் இப்போது தேடிக்கொண்டிருப்பது.