கத்தியில்லா அறுவைக்குத் தமிழ்ப்பெயர்

(இராமநாதபுரத்தில் ஆற்றிய உரை)



மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என நீளும் இக்கடற்கரையில் ஒரு தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஆண்டுகள் சில கழித்து மண்டையோட்டு என்பிலும் பரவிவிட்டது என்று கொள்வோம். மண்டையோட்டின் அடிப்பகுதியில் வளரும் புற்று, அங்கு ஊடுருவிச் செல்லும் நரம்புகளை நெருக்கும். தலை நோகும், பார்வை இரட்டையாகும், முகம் மரத்துப்போகும்.

மருத்துவர் 'ரேடியோ சர்ஜரி' என்கிறார். 'சர்ஜரி' என்னும் ஒரு சொல்லே அத்தாயின் காதில் விழுகிறது. மண்டையைப் பிளப்பார்கள் என நடுங்கி, வேண்டாவென்று ஊர் திரும்புகிறாள்!

உண்மை என்ன? அதில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. 1951-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் இலார்சு இலெக்செல் இட்ட பெயர் அது. மெல்லிய கதிர்கள் பல, பல பக்கங்களினின்றும் வந்து ஒரே இடத்திற் குவிகின்றன. தனித்தனியே அவை வலுக்குறைந்தவை. ஆதலின் வழியிலுள்ள மூளைக்குக் கேடு குறைவு. குவியுமிடத்திலோ புற்றணுக்கள் அழிகின்றன. கரைவலையை ஒருவர் இழுத்தால் அசையாது. ஊர்கூடி இழுத்தால் கரைசேரும். அதுபோன்றதே இது. ஓர் அமர்விலோ சில அமர்வுகளிலோ முடிந்துவிடும். உடலெங்கும் பரவிய நோயை இது போக்காது. பெரிதாய்ப் படர்ந்த கட்டிக்கும் பொருந்தாது. ஆனால், வலியைத் தணிக்கவும் நரம்பைக் காக்கவும் உதவும்.

இதனைக் 'கதிர்க்குவிப்புப் பண்டுவம்' என்போமே! பெயரே அச்சத்தைப் போக்கிவிடும்.

தமிழில் மருத்துவம் இயலுமா எனச் சிலர் நகைக்கின்றனர். நம் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்கினார். அயலார்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

உடன்பிறந்தாளைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலக்குமி அம்மையார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். 2022-இல் இந்த இராமநாதபுரத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. அங்குப் பயிலும் நம் பிள்ளைகள், நோயாளிக்கு நோயையும் பண்டுவத்தையும் நல்ல தமிழில் விளக்கப் பழகுதல் வேண்டும். ஒப்புதல் தாளும் தமிழில் இருத்தல் வேண்டும். நீங்களும், விளங்காத சொல்லைக் கேட்டால் அஞ்சித் திரும்பாதீர். "தமிழில் சொல்லுங்கள்" எனக் கேளுங்கள்.

புரியாமல் இட்ட கைந்நாட்டு ஒப்புதல் ஆகாது. புரியாமல் சொன்ன மறுப்பும் மறுப்பு ஆகாது. சொல் விளங்கினால் உயிர் தழைக்கும்.

வெல்க தமிழ்!