நித்யகல்யாணியும் என் அத்தையும்



தாவரவியல் ஆய்வுக்கூடத்து வாசலிலே நித்யகல்யாணிப் பாத்தி இன்னும் இருக்கிறது. காலையில் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. சுடுகாட்டு மல்லி என்றும் இதற்குப் பெயர். ஆடு மாடு வாய் வைக்காது. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி.

ஜமைக்காவில் இதன் இலையைச் சர்க்கரை வியாதிக்குக் கொதிக்க வைத்துக் குடித்து வந்தார்கள். அந்த இலை 1952-இல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் இறங்கின. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் சார்லஸ் பீர் என்பவரும் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை வெளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கொடுக்கிற மருந்து. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்.

இந்தக் கதையை எங்கே போனாலும் பெருமையாகச் சொல்வேன். என் அத்தைக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்து, வின்கிரிஸ்டினும் சேர்ந்த ஊசிகள் ஆரம்பித்தபோது அவர்களிடமும் சொன்னேன். "பயப்படாதீங்க அத்தை, நம்ம வாசல்ல நிக்கிற செடிதான்." தைரியம் சொல்வதாக எனக்கு நினைப்பு!

மூன்றாவது ஊசிக்குப் போனால், வெள்ளை அணு ரொம்பக் குறைவு, இன்றைக்குப் போட முடியாது என்று விட்டார்கள். "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அத்தை இல்லையென்று தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், வாசல் செடிகள் பூவோடு நிற்கின்றன, இலையைக் காணோம்.

தினம் ஒரு கைப்பிடி, கஷாயம். "நீதானேடா சொன்னே? ஊசி மூணு வாரத்துக்கு ஒண்ணு. இது தினமும் உள்ளே போனா சீக்கிரம் குணமாகும்னு குடிச்சேன்."

நான் என்ன பதில் சொல்ல? செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள். ஊசியில் வின்கிரிஸ்டினை உடம்பின் அளவு பார்த்து, ஒரு தடவைக்குச் சாதாரணமாக 2 மில்லிகிராமைத் தாண்டாமல் போடுகிறார்கள். அதற்கே விரல் நுனியெல்லாம் மரத்துப் போகும். ஒரு கைப்பிடி இலையில் எது எவ்வளவு இருக்கிறது, குடித்தால் ரத்தத்தில் எவ்வளவு சேரும் என்பதற்கெல்லாம் கணக்கே கிடையாது. எலிக் கதையை நான் அத்தையிடம் சொல்லவில்லை. வெள்ளை அணுவைக் குறைக்கிற குணம்தானே அந்தச் செடியை மருந்தாக்கியது!

மறுநாள் டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அணு குறைந்தது ஊசியாலா, கஷாயத்தாலா, இரண்டாலுமா என்று இனிப் பிரிக்க முடியாது, இது தெரியாமலே அடுத்த ஊசியின் அளவை முடிவு செய்ய இருந்தேன் என்று மட்டும் சொன்னார். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டு, கல்லீரல் பரிசோதனைக்கும் சீட்டு கொடுத்தார்.

கஷாயம் குடிப்பவர்களை ஏளனம் செய்ய நான் இங்கே நிற்கவில்லை. ஏளனத்துக்குப் பயந்துதான் அத்தை அன்றைக்குத் தலையாட்டினார்கள்.

இரண்டு வாரம் தள்ளி ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு சுக்குக் காப்பி குடித்தாலும் அத்தை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போனார்கள். டாக்டர் அதைப் படித்த பிறகுதான் ஊசி எழுதுவார். வாசல் செடிகள் மறுபடி துளிர்த்துவிட்டன. பூ மட்டும் சாமிக்குப் போகிறது.