அயல்நாட்டில் நாங்கள் கற்ற பாடம்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இச்சங்கத்தின் மாலைப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்த நாங்கள் இருவர், சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி பெற இங்கிலாந்து சென்று, ஓராண்டு கோவென்ட்ரி நகரில் வாழ்ந்து திரும்பியுள்ளோம். அங்குப் பெற்றதை உங்கள் முன் வைப்பது எங்கள் கடமை.

கடல் கடந்து கற்பது நமக்குப் புதிய வழி அன்று. 1913-ஆம் ஆண்டிலேயே அண்ணல் அம்பேத்கர், பரோடா மன்னர் திங்கள்தோறும் அளித்த பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையைக் கொண்டு நியூயார்க் சென்று பயின்றார். பின்னர் இலண்டனில் பயின்றபோது, 1921–22-இல், அவர் தங்கியிருந்த வீட்டை மகாராட்டிர அரசு 2015-இல் வாங்கி நினைவில்லமாக்கியது. எங்கள் முதல் விடுமுறையில் நாங்கள் தேடிச் சென்றது அவ்வீட்டையே.

புதிய நாட்டில் காலூன்றுவது எளிதாக இல்லை. டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவான். அவ்விருளில் தாய் தந்தையர் நினைவு நெஞ்சை அழுத்தும். பேராசிரியர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்றனர். பல வாரங்கள் எங்கள் நா எழவில்லை. பேருந்தை விட்டு இறங்குவோர் ஓட்டுநருக்கு நன்றி கூறிச் சென்றனர். உழைப்பவருக்கு அளிக்கும் அம்மரியாதை எங்களை நெகிழச் செய்தது, நாங்களும் கற்றுக்கொண்டோம்.

ஆயினும் எங்களை வாட்டியது குளிர் அன்று. நம் நாட்டவரின் ஒரு கேள்வி. உடன் தங்கியிருந்த இந்திய மாணவர்கள் முதல் வாரத்திலேயே, “சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பகுதி?” என வினவினர். கேள்வியின் உட்பொருள் எங்களுக்கு விளங்கியது. இல்லாத தெருவின் பெயரைக் கூறினோம். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சென்றும் பொய் சொல்லி ஒளிந்தோம் என்பதை இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை.

பயிற்சிக்காக ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சென்றோம். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. நாம் எழுத்தின் பெயரை ஒப்பித்தோம். அங்குள்ள குழந்தைகள் எழுத்தின் ஒலியைக் கற்கின்றனர். 2012 முதல் அந்நாட்டில் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 40 சொற்களைக் கொடுத்துப் படிக்கச் செய்கின்றனர். அவற்றுள் 20 பொருளற்ற புனைசொற்கள். குழந்தை மனப்பாடத்தால் படிக்கிறதா, ஒலி கூட்டிப் படிக்கிறதா என்பது அதனால் புலப்படும்.

அவ்வகுப்பில் சோமாலியாவிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி இருந்தாள். மூன்று மாதங்கள் அவள் வாய் திறக்கவில்லை. ஆசிரியை அவளைக் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து நின்று பதில் கூறுமாறு வற்புறுத்தவும் இல்லை. “இது மௌனப் பருவம்; அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்; கற்றுக்கொண்டிருக்கிறாள்” என்று எங்களுக்கு விளக்கினார். பாட்டுக்கேற்பக் கைகளை அசைப்பாள். கேட்ட படத்தை எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாள் கைகழுவும் வரிசையில் மற்றொரு குழந்தை முந்தியபோது, “என் முறை” என்று ஆங்கிலத்தில் உரக்கக் கூறினாள். அதுவே அவளுடைய முதற் பேச்சு.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. அச்சிறுமியின் மௌனம் கற்பதற்கான மௌனம். எங்கள் மௌனமோ அச்சத்தின் மௌனம். எங்கள் முறை எப்போது வரும்? மறுநாள் உணவு வேளையில், நாங்கள் பிறந்த சேரியின் பெயரைச் சொன்னோம். ஒருவர் அன்று முதல் எங்களுடன் சேர்ந்து சமைப்பதை நிறுத்திக்கொண்டார். மற்றொருவர் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் அருகில் வந்து அமர்ந்தார். இரண்டும் நடந்தன. சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என 2013-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் விதித்தது. 2018-இல் அரசு அம்முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. எனவே, அயல்நாடு சென்றால் சாதி தொலைந்துவிடும் என எவரும் மயங்க வேண்டா.

இளைஞர்களே! நாம் பள்ளியில் ஆங்கிலத்தோடு அவமானத்தையும் சேர்த்துக் கற்றோம். ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தால் வகுப்பே சிரித்தது. அதன்பின் நாம் வாய் திறக்கவே அஞ்சினோம். பிழையின்றி மொழி பயின்ற குழந்தை உலகில் எங்கும் இல்லை. பிழைக்கு இடம் தரும் வகுப்பறையே மொழி வளரும் நிலம். நமது மாலைப் பள்ளியில் இனி எக்குழந்தையும் பிழைக்காகத் தலைகுனியலாகாது.

ஞாயிறுதோறும் ஒலிவழி ஆங்கில வகுப்பை ஊதியமின்றி நடத்த நாங்கள் உறுதி பூண்டுள்ளோம். மேற்படிப்பை விரும்புவோர், மத்திய அரசு 1954–55-இல் தொடங்கிய தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் விதிகளை இன்றே கேட்டறியுங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் துணை நிற்போம். செல்லுங்கள், கற்றுத் திரும்புங்கள். செல்லும் இடமெல்லாம் உங்கள் தெருவின் பெயரை நிமிர்ந்து சொல்லுங்கள்.