வங்கதேசத்தில் முதல் நான்கு நாள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேசச் சொன்னாங்க. வெளிநாடுன்னதும் சிங்கப்பூர், துபாய்னு நினைச்சு வந்திருந்தீங்கன்னா ஏமாந்து போவீங்க. நான் போனது வங்கதேசம். 2009ஆம் வருஷம், பிப்ரவரி மாசம். ஒரு தொண்டு நிறுவனம் ஏற்பாடு செய்த படிப்புப் பயணம். ஆசிரியைகள், ஊக்குநர்கள், வங்கிக்காரர்கள் என்று 14 பேர். மொத்தம் 10 நாள். பத்து நாளையும் சொன்னால் மதியச் சாப்பாடு ஆறிடும், அதனால் முதல் நாலு நாளை மட்டும் சொல்றேன். என் மனசுல நின்னதும் அந்த நாலு நாள்தான்.

கொல்கத்தாவிலிருந்து விடியற்காலை பஸ். பெட்ராபோல் எல்லையில் இறங்கி, வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, அந்தப் பக்கம் பெனாபோலில் மறுபடி வரிசை. நடுவில் பத்மா ஆறு. நம்ம கங்கைதான், அங்கே போனதும் பேர் மாறிடுது. அப்போ அந்த வழியில் ஆற்றுக்குப் பாலம் இல்லை. பஸ்ஸை ஆளோடு அப்படியே படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊக்குநர் ஒருத்தி கண்ணை மூடி மாரியம்மனைக் கூப்பிட்டவள், அக்கரை சேர்ந்துதான் திறந்தாள். டாக்கா போய்ச் சேர ராத்திரி ஆயிடுச்சு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. இது தெரிஞ்சதும் எங்க ஆசிரியைகள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

ஊருக்குப் பேரு டாக்கா, பணத்துக்குப் பேரு டக்கா. மூத்த பெண்களை 'ஆபா' என்று கூப்பிடுகிறார்கள். நாம அக்கான்னு சொல்ற மாதிரி. கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கணும். இதெல்லாம் பழகுறது பெரிசில்லை. எழுத்துதான் பெரிசு. பஸ் எங்கே போகுதுன்னு தெரியாது, கடைப் பலகை தெரியாது, கழிவறையில் ஆண், பெண் எதுன்னு தெரியாது. 22 வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள், அங்கே ஒரு எழுத்தும் தெரியாத பொம்பளையா நின்னேன்.

சனிக்கிழமை முழுக்க விடுதியிலேயே பாடம். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்தது ஒரு கல்லூரிப் பெண், கெட்டிக்காரி. மறுநாள் கிராமத்தில் பாஸ்புக் பார்ப்பீங்க, அதனால் எண்களை முதலில் படிங்கன்னு உட்கார வைத்துவிட்டாள். வங்காள எண்கள் வேற. அவங்க நாலு நமக்கு எட்டு மாதிரி இருக்கும். அவங்க ஏழு நமக்கு ஒன்பது மாதிரி இருக்கும். 74ன்னு அவங்க எழுதினா நம்ம கண்ணுக்கு 98. கடனில் அந்த 24 யார் தலையில விழும்னு யோசிச்சுப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை டாங்காயில் மாவட்டத்துக்குப் போனோம். பருத்திச் சேலைக்குப் பேர் போன ஊர். சேலை வாங்கினீங்களான்னு கேட்கிறவங்க சாப்பாட்டு நேரத்தில் தனியா வாங்க, சொல்றேன். நாங்க போனது கிராமீன் வங்கியின் வாரக் கூட்டத்துக்கு. முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1976இல் சிட்டகாங் பக்கத்தில் ஜோப்ரா என்ற கிராமத்தில் தொடங்கிய வேலை அது. 42 பேருக்கு மொத்தமாகக் கொடுத்தது 856 டக்கா. அது 1983இல் தனி வங்கியானது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தகரக் கொட்டகை. ஐந்து ஐந்து பேராக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சு பேர் ஒரு குழு, பல குழு சேர்ந்தது ஒரு மையம். வங்கி ஊழியர் கிராமத்துக்கே வந்து தவணை வாங்குகிறார். வரதட்சணை வாங்க மாட்டோம், கொடுக்க மாட்டோம், காய்கறி பயிரிடுவோம், பிள்ளைகளைப் படிக்க வைப்போம் என்று 16 தீர்மானங்கள் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒண்ணு சொல்லணும். அவங்க முறை வேற, நம்ம முறை வேற. அங்கே உறுப்பினர் வங்கியிடம் கடன் வாங்குகிறார். யாருக்கு எவ்வளவு என்ற முடிவும் கடைசியில் வங்கியோடது. நம்ம குழுவில் முதல் பணம் நம்ம சேமிப்பு. யாருக்கு உள்கடன், என்ன வட்டி, எத்தனை தவணைன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதுறது நாம. 1989இல் தர்மபுரியில் தொடங்கின நாளிலிருந்து இதுதான் நம்ம பலம். நோபல் பரிசு வாங்கினவங்க முறைங்கிறதுக்காக நம்ம முறை குறைஞ்சதுன்னு யாரும் நினைக்க வேண்டாம். அவங்களை விட நம்ம கையில அதிகாரம் அதிகம். அதனால கணக்குத் தெரிய வேண்டிய பொறுப்பும் நமக்குத்தான் அதிகம்.

கூட்டம் முடிஞ்சதும் ஒரு அம்மா தன் பாஸ்புக்கை என் கையில கொடுத்து, "பாருங்க ஆபா" என்றார். முந்தின நாள் படிச்ச எண்களை வச்சு எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன். எண் தெரியுது, எந்தக் கட்டம் சேமிப்பு, எந்தக் கட்டம் தவணைன்னு தெரியலை. அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே கடைசி வரியில் விரலை வைத்து, வாங்கினது இவ்வளவு, கட்டினது இத்தனை வாரம், பாக்கி இவ்வளவுன்னு புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பிச்சார். பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணிடம் உங்க பாக்கி எவ்வளவுன்னு கேட்டோம். அவர் வங்கி ஊழியரைக் கை காட்டினார். "அவருக்குத் தெரியும்." ரெண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாங்க.

நாலாம் நாள் திங்கட்கிழமை. மாணிக்கஞ்ச் பக்கம் பிராக் அமைப்பின் பள்ளிக்கூடம் பார்க்கப் போனோம். ஃபசலே ஹசன் ஆபேத் என்பவர் 1972இல் தொடங்கிய அமைப்பு. 1985இல் 22 பள்ளிகளோடு ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரே அறை, முப்பது பிள்ளைகள், பாய் விரிச்சுச் சுவரோரமா மூணு பக்கமும் உட்கார்ந்திருந்தாங்க. பெண் பிள்ளைகள்தான் அதிகம். ஆசிரியை அதே ஊர்ப் பெண். பள்ளி முடியும்வரை அதே பிள்ளைகளுக்கு அதே ஆசிரியை. பள்ளியைப் பற்றி நான் பேசினால் நிறுத்த மாட்டேன், அதை விட்டுடறேன்.

அங்கே ஒரு வயசான ஆபாவைப் பார்த்தோம். 1980களில் பிராக் வீடு வீடாக அனுப்பிய பெண்களில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கில் அங்கே குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கின்றன. அரை லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி வெல்லம், மூணு விரலால் எடுத்த உப்பு. இதைக் கலந்து கொடுக்க ஒவ்வொரு தாய்க்கும் கற்றுக் கொடுப்பதுதான் இவங்க வேலை. (இப்போ நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இலவசமாவே கிடைக்குது. அதையே வாங்குங்க, கை அளவை நம்பாதீங்க.) பத்து வருஷத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிருக்கிறார்கள்.

கேளுங்க, விஷயம் இங்கேதான் இருக்கு. அந்தப் பெண்களுக்குச் சம்பளம், போன வீட்டுக் கணக்கை வச்சுக் கொடுக்கலை. ஒரு மாசம் கழிச்சு வேற ஒரு ஆள் அந்த ஊருக்குப் போவார். சில வீடுகளை அவரே பொறுக்கி எடுத்து, அந்தத் தாயிடம் என்னென்ன ஞாபகம் இருக்குன்னு கேட்பார். கலந்து காட்டச் சொல்வார். தாய்க்கு எவ்வளவு தெரியுதோ, அதுக்குத் தக்கபடி கற்றுக் கொடுத்தவருக்குச் சம்பளம். அதாவது பரீட்சை எழுதறது தாய், மார்க் வாங்கறது டீச்சர். இப்படி ஒரு சட்டம் நம்ம ஊரில் வந்தால் ஆசிரியர் சங்கம் சும்மா விடாது, முதல் கொடி நானே பிடிப்பேன். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

ஆரம்பத்தில் இன்னொரு சிக்கலும் இருந்திருக்கு. தாய்மாருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, ஆனா குழந்தைக்கு வந்தா யாரும் கரைசல் கொடுக்கலை. ஏன்னு பார்த்தால், கற்றுக் கொடுத்தவர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரைதான் போட்டுக்கிட்டாங்களாம். தான் நம்பாததை ஊருக்குச் சொன்னா யாரு கேட்பா? அதுக்கப்புறம்தான் அவங்களுக்கே இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லி, நம்ப வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆண்களுக்கும் சந்தையிலும் மசூதியிலும் கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இதை ஏன் இங்கே சொல்றேன்? நம்ம பகுதியிலேயே ஒரு குழு, பேர் வேண்டாம். ஒரு உறுப்பினர் 12 தவணை கட்டிட்டேன்னு சொல்றாங்க. புத்தகத்தில் இருக்கிறது 9. மூணு மாசப் பணம், பால் வித்த பணம். பாஸ்புக் எங்கேம்மான்னு கேட்டா, "அக்காகிட்ட இருக்கு, அவங்க எழுதியிருப்பாங்க"ங்கிறாங்க. அக்காவைத் திருடின்னு நான் சொல்ல வரலை. அவங்களும் நாலு குழுக் கணக்கை ஒத்தை ஆளா ராத்திரி உக்காந்து எழுதறவங்க. ஆனா அந்தப் பொம்பளைக்குக் கேட்கத் தெரியலை, கேட்டா மரியாதை இல்லைன்னு ஒரு பயம் வேற. டாங்காயில் கை காட்டின பெண்ணும் இவங்களும் எனக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சாங்க. போதாததுக்கு, இப்போ ஒரே வீட்டில் குழுக் கடன், வங்கிக் கடன், வாரம் வசூலிக்க வர்ற கம்பெனிக் கடன்னு மூணு அட்டை இருக்கு. மூணையும் சேர்த்து எவ்வளவுன்னு சொல்லத் தெரிஞ்சவங்க இங்க எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க.

தணிக்கைக்கு வர்றவங்க ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம் பார்க்கிறாங்க. எல்லாம் சுத்தமா இருந்தா 'ஏ' தரம். உறுப்பினரை யாரும் கேட்கிறதில்லை. கூட்டமைப்பு நிர்வாகிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இனி குழு தர மதிப்பீட்டுக்குப் போகும்போது, தலைவியையும் ஊக்குநரையும் விட்டுட்டு, பின் வரிசையில் இருக்கிற மூணு பேரைக் கூப்பிடுங்க. உங்க சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு, போன மாசம் யாருக்குக் கடன் கொடுத்தீங்கன்னு மூணே கேள்வி. அவங்க சொல்ற பதிலுக்கும் மார்க் போடுங்க. ஊக்குநர்கள் கோவிச்சுக்காதீங்க, உங்க வேலையை இது கூட்டாது. பாதியைக் குறைக்கும். பன்னிரண்டு பேர் கண்ணு பார்க்கிற கணக்கில் தப்பு நடந்தா அன்னைக்கே தெரிஞ்சிடும்.

பாஸ்புக் அவரவர் வீட்டில்தான் இருக்கணும். இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லித் தலைவியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எண் படிக்கத் தெரியாதவங்களுக்கு, மாசம் மூணாவது சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு நம்ம கூட்டமைப்புக் கட்டிடத்தில் நான் இருப்பேன். சிலேட்டு நான் கொண்டு வர்றேன். பாஸ்புக் நீங்க கொண்டு வாங்க. அக்காகிட்ட இருந்தா, நாளைக்கே போய்க் கேட்டு வாங்கிடுங்க.