கருவி இல்லாதவனுக்கு உரிமை இல்லையா?

(திருகோணமலையில் உழவர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நமது சீனக்குடாவில் வெள்ளையர் விட்டுச் சென்ற 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. அவற்றின் அயலிலே வாழும் நாம், 2022ஆம் ஆண்டில் ஒரு போத்தல் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றோம்.

அவ்வாண்டு யூலையில் அரசாங்கம் எரிபொருள் அனுமதி அட்டையைக் கொண்டுவந்தது. அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன விபரத்தையும் இணையத்தில் பதிந்து கியூஆர் குறியீட்டைப் பெறவேண்டும். அதைக் காட்டினால் கிழமைக்கு இவ்வளவு என்று கிடைக்கும். பங்கீடு தவறென்று நான் கூறவில்லை. வரிசைகள் குறைந்தன என்பதும் உண்மையே. ஆனால், யாருக்கு எப்படிக் கிடைத்தது? கந்தோரில் கணினி வைத்திருந்த நாங்கள் ஐந்து நிமிடத்தில் பெற்றுக்கொண்டோம். மூதூரிலே ஒரு முதியவர், முன்பின் அறியாத கடைப் பையனிடம் தமது அடையாள அட்டையையும் வாகனப் புத்தகத்தையும் நீட்டி, காசுங் கொடுத்து, அந்தக் குறியீட்டை அச்சிட்டு வாங்கியதை நான் நேரில் கண்டேன். வயலுக்கு நீர் இறைக்கும் இயந்திரத்துக்கோ வாகன இலக்கமே கிடையாது!

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் இந்நாட்டில் பங்கீடு இருந்தது. அரிசிக் கூப்பன் புத்தகத்தை உங்கள் பாட்டிமார் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். அதைப் பெறுவதற்கு எவரும் ஒரு கருவியை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை.

எரிபொருள் அட்டை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. அந்த வழக்கம் நிற்கவில்லை. அதற்கு முன்னரே, 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி இருந்த வீட்டில் எந்தப் பிள்ளை படித்தது என்று தாய்மார்களைக் கேளுங்கள்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது எதை எதிர்ப்பது என்பது நமக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து நிறைவேற்றிய சட்டம். இணையப் படிவத்துக்கு எவர் வாக்களித்தார்? சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. அது மீறப்பட்டால், ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. படிவத்தை நிரப்ப வழியற்ற வெருகல் விவசாயி ஒரு மாதத்தில் கொழும்புக்கு வழக்காடப் போவாரா?

ஆகவே ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். இணையத்தில் வழங்கப்படும் ஒவ்வோர் அரச சேவையும் பிரதேச செயலகத்திலே, தமிழிலே, கடுதாசியிலே, கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும். அப்படிக் கிடைக்கும்வரை எந்த இணையப் படிவத்துக்கும் கடைசித் திகதி விதிக்கப்படலாகாது. மகஜர் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட இயலாதோர் பெருவிரல் அடையாளம் இடலாம். அதற்கான மையும் அங்கே இருக்கிறது.