சிவப்புக் கார் என்னுடையது
(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)



ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முதலில் ஒரு மன்னிப்பு. போன ஆடி மாதம் இரண்டாவது தெருவில் பால் வாங்கி வந்த அம்மாவின் காலில் ஒரு சிவப்பு ரிமோட் கார் மோதியது நினைவிருக்கும். பழி ஐந்தாம் வகுப்புப் பையன் மேல் விழுந்தது. கார் அவனுடையது அல்ல, என்னுடையது. அன்று மாடியில் நின்று ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. 36 வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன், என் பற்றை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டேன்.

இந்த வயதில் ஏன் கார் என்று கேட்பீர்கள். சின்ன வயதில் வாலாஜாபாத் பக்கம் எங்களுக்கு நுங்கு வண்டிதான். நுங்கு எடுத்த இரண்டு காய்களைக் குச்சியில் கோத்து, கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவோம். 1973-ல், எட்டாம் வகுப்பு படிக்கும்போது, மாமா என்னைச் சோழவரம் கார் பந்தயத்துக்கு அழைத்துப் போனார். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் அன்று பந்தயம் நடக்கும். (இருங்காட்டுக்கோட்டையில் நம் பக்கத்துப் பந்தயத் தளம் வந்தது 1990-ல்தான்.) திரும்பும் வழியில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய மோட்டார் வாங்கித் தந்தார். அட்டைப்பெட்டி, சோடா மூடிச் சக்கரம், கையில் பேட்டரி, நடுவே நீளமான ஒயர். அதுதான் என் ரிமோட். திருப்ப முடியாது, நேராகப் போய்ச் சுவரில் முட்டும். எஸ்.எஸ்.எல்.சி. வந்ததும் அப்பா அதைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

போன வருடம் பேரனின் கார் ஓடவில்லை என்று குப்பையில் போடப் பார்த்தார்கள். திறந்து பார்த்தேன். ஒரே ஒரு ஒயர் விட்டிருந்தது. பற்றவைத்தேன், ஓடியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்கள் வாங்கினேன். பொம்மைக் காரில் ஒன்று உடைந்தால் முழுதும் போச்சு. பாகம் பாகமாகக் கோக்கும் காரில் ஒவ்வொன்றையும் மாற்றலாம். ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-ல் முதல் ரிமோட் காரை விற்றது. அந்த போர்ஷே மாடலைச் சரியாகச் செய்ய, நிஜ போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார்களாம். என் காரில் டிஃப்ரன்ஷியல் இருக்கிறது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்ற அதுதான் வழி செய்கிறது. ஒரகடத்தில் லாரி கட்டும் நம் மூன்றாவது மாடித் தம்பி அதைப் பிரித்துக் காட்டியபோது, பி.காம். படித்த எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் ஒரே கிரிஸ்டல் இரண்டு பேரிடம் இருந்தால் கார்கள் குழம்பிவிடும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை இல்லை, பல பேர் சேர்ந்து ஓட்டலாம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். லித்தியம் பாலிமர் பேட்டரியை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. உப்பியிருந்தால் மறுபடி பயன்படுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்தை வைத்துத்தான் குழந்தைகள் தெருவில் கார் ஓட்டக்கூடாது என்று தீர்மானம் வந்தது. தெருவில் வேண்டாம், சரிதான். இரவு ஷிப்டு முடித்து வருபவர்கள் பகலில் தூங்க வேண்டும், அதுவும் நியாயம். ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள காலி இடத்தை ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை கொடுங்கள். கயிறு கட்டி, பெரியவர் ஒருவர் நின்று பார்த்துக்கொள்வோம். முதலில் நிற்பவன் நான்.

அந்த அம்மாவிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். "அப்பவே தெரியும், உங்க வீட்டு மாடியில ரிமோட் தெரிஞ்சுது" என்றார். பையன் வீட்டுக்கும் போனேன். அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு, "அப்ப எனக்கு ஓட்டக் கொடுப்பீங்களா தாத்தா?" என்றான். கொடுத்தேன். திருப்பத்தில் என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறான்.